தாவீதின் இடத்தில் எப்போதும் நான்தானா?

மார்ச் 4

ஒருவர் எழுதியிருந்தது இதுதான்: "வேதாகமக் கதைகளிலிருந்து அன்றாட வாழ்க்கைக்குப் பாடம் எடுப்பதே தவறு. ஒவ்வொரு கதையும் கிறிஸ்துவைக் காட்டுவதற்காக எழுதப்பட்டது. 'உன் வாழ்க்கையின் கோலியாத்தை வீழ்த்து' என்ற பிரசங்கம் எல்லாம் சுயமுன்னேற்றப் பேச்சு, அதில் சுவிசேஷம் இல்லை."

பாதி ஒத்துக்கொள்கிறேன். சிறுவன் தாவீது கவண்கல்லால் வீழ்த்திய ராட்சதன்தான் கோலியாத். கோலியாத் என்றால் கடன், கோலியாத் என்றால் பரீட்சை, கோலியாத் என்றால் மேலதிகாரி, அந்த ஐந்து கூழாங்கற்களுக்கும் ஆளுக்கொரு பெயர் (விசுவாசம், ஜெபம், துதி, நாலாவது என்ன வரும் என்று நீங்களே சொல்லிவிடலாம்) என்று நானும் கேட்டுச் சலித்துவிட்டேன். ஆனால் பாடமே எடுக்கக் கூடாது என்றால் பவுலோடு சண்டை போட வேண்டியிருக்கும். 1 கொரிந்தியர் 10-இல் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் முறுமுறுத்த கதையைச் சொல்லிவிட்டு, இதெல்லாம் நமக்கு எச்சரிப்பாக எழுதப்பட்டிருக்கிறது, நீங்களும் அப்படி முறுமுறுக்காதிருங்கள் என்கிறார். புதிய ஏற்பாட்டு யாக்கோபு தன் நிருபத்தில் தீர்க்கதரிசி எலியாவைக் காட்டி, அவனும் நம்மைப் போன்ற மனிதன்தான், ஜெபம் பண்ணினான், நீங்களும் பண்ணுங்கள் என்கிறார். இயேசுவே "லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று, திரும்பிப் பார்த்து உப்புத்தூணானவளைக் காட்டி, மூன்றே சொல்லில் ஒரு பிரசங்கத்தை முடித்திருக்கிறார்.

எனக்கு இருக்கும் புகார் வேறு. பாடம் எடுப்பதில் தவறில்லை, எந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு. கதை வாசிக்கும்போது நாம் எப்போதும் நாயகனாகிவிடுகிறோம். தாவீது நான், கோலியாத் எனக்குப் பிடிக்காதவன். யோசேப்பு நான், அண்ணன்கள் என் சொந்தக்காரர்கள். இப்படி வாசித்தால் அறுபத்தாறு புத்தகத்தையும் முடித்த பிறகும் நாம் அதே ஆளாகத்தான் இருப்போம்.

மார்ச் 4, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு சேர்ப்பு. எபிரெயர் 11-இல் விசுவாசிகளின் பட்டியல் வருகிறதே, அதில் 32ஆம் வசனத்தைப் பாருங்கள். கிதியோன், பாராக், சிம்சோன், யெப்தா. இவர்களில் யாரையாவது "பிள்ளைகளே, இவரைப்போல வாழுங்கள்" என்று காட்ட முடியுமா? சிம்சோனை? ஆகவே அந்தப் பட்டியல் ஒழுக்கத்துக்கான தரவரிசை இல்லை என்பது மட்டும் தெளிவு.

மார்ச் 6

"சரி, தாவீதின் இடத்தில் உட்காராவிட்டால் எங்கே உட்காருவது?" என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்வி.

எலியாப்.

1 சாமுவேல் 17:28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தாவீது அப்பா கொடுத்தனுப்பிய வறுத்த தானியம், பத்து அப்பம், படைத்தலைவனுக்குப் பத்துப் பால்கட்டிகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பாளயத்துக்கு வருகிறான். கோலியாத் நாற்பது நாளாகக் காலையும் மாலையும் வந்து வம்புக்கு இழுக்கிறான். தாவீது விசாரிக்கிறான். மூத்த அண்ணன் எலியாபுக்குக் கோபம் வருகிறது. இங்கே ஏன் வந்தாய், அந்தக் கொஞ்ச ஆடுகளை யார் வசத்தில் விட்டாய், உன் அகங்காரம் எனக்குத் தெரியும், யுத்தத்தை வேடிக்கை பார்க்கத்தானே வந்தாய்.

இதில் இரண்டு விஷயம். எட்டு வசனம் முன்னால் போனால், 17:20-இல், தாவீது ஆடுகளைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினான் என்று கதை சொல்பவர் நமக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். எலியாபின் குற்றச்சாட்டு பொய் என்று நமக்குத் தெரியும், எலியாபுக்குத் தெரியாது, அவன் கேட்கவும் இல்லை. இன்னொன்று, ஒரு அதிகாரம் முன்னால், தீர்க்கதரிசி சாமுவேல் அடுத்த ராஜாவை அபிஷேகம் பண்ண வந்தபோது முதலில் கண்ணில் பட்டவன் எலியாப்தான். உயரம், தோற்றம் எல்லாம் சரியாக இருந்தது. இவன் இல்லை என்று கர்த்தர் சொல்லிவிட்டார். சகோதரர் நடுவிலேதான் கடைக்குட்டியின் தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டது. அந்தக் காயத்தோடு நிற்கிற மனிதன் "கொஞ்ச ஆடுகள்" என்று சொல்லும்போது அந்தக் "கொஞ்ச"த்தில் எவ்வளவு இருக்கிறது!

நான் வீட்டில் மூத்தவன். என் தம்பிக்கு என் துறையிலேயே வேலை கிடைத்து, எனக்கு முன்னால் மேலே போனான். அவன் ஏதாவது யோசனை சொன்னால் என் வாயில் முதலில் வந்த கேள்வி எப்போதும் "அம்மாவுக்குப் போன் பண்ணினாயா?" என்பதாகத்தான் இருந்தது. அவன் தவறாமல் பண்ணிக்கொண்டிருந்தான், அது எனக்கும் தெரியும். ஆடுகளுக்குக் காவலாளி இருந்தான். தாவீதாக உட்கார்ந்து இந்தக் கதையைப் பல வருஷம் வாசித்ததில் எனக்கு இது புரியவே இல்லை.

மார்ச் 7

கோலியாத்தின் உயரம் பற்றி ஒருவர் இழுத்திருக்கிறார், நான் சும்மா இருக்க மாட்டேன். நம் கையில் இருக்கும் வேதாகமத்தில் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது ஏறக்குறைய மூன்று மீட்டர். பழைய கிரேக்கப் பதிப்பிலும் சவக்கடல் சுருளிலும் நாலு முழமும் ஒரு சாணும். ஏறக்குறைய இரண்டு மீட்டர். கூடைப்பந்து அணியில் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

இதனால் கதை கெட்டுப்போகாது. எனக்கென்னவோ குட்டையான கோலியாத்தே பிடித்திருக்கிறது. ஏன் என்றால் 1 சாமுவேல் 9-இல் ராஜா சவுல் ஜனங்கள் எல்லாரையும்விடத் தோளும் தலையும் உயர்ந்தவன் என்று இருக்கிறது. எதிரே ஒரு உயரமான ஆள் வந்தால் இந்தப் பக்கத்தில் போக வேண்டிய உயரமான ஆள் யார்? கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, கொல்கிறவனுக்கு ஐசுவரியமும் மகளும் தருகிறேன் என்று அறிவிப்புக் கொடுத்தவர்தான். சவுலின் நாற்காலியும் காலியாகத்தான் இருக்கிறது, வேண்டுபவர்கள் உட்காரலாம்.

மார்ச் 9

இது கொஞ்சம் நீளும்.

"துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும்." சுவரில், நாட்காட்டியில், புதுக்கடை திறப்பில் எல்லா இடத்திலும் இருக்கும் வசனம். யோபு 8:7. சொன்னது யார் தெரியுமா? கர்த்தர் இல்லை. பில்தாத். யோபுவின் மூன்று நண்பர்களில் இரண்டாவதாகப் பேசியவன். அதே பேச்சில் மூன்று வசனம் முன்னால் அவன் சொன்னது, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் தேவன் அவர்களை ஒப்புக்கொடுத்துவிட்டார் என்ற அர்த்தத்தில். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பனிடம்! அதற்கப்புறம், நீ சுத்தமாக இருந்தால் எல்லாம் சரியாகும், முடிவு சம்பூரணம். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் எலிப்பாசைக் கூப்பிட்டு, உன்மேலும் உன் இரண்டு நண்பர்கள்மேலும் எனக்குக் கோபம், என் தாசன் யோபைப்போல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அந்த இரண்டு நண்பர்களில் ஒருவன் பில்தாத்.

என் மனைவியின் சிகிச்சைக் காலத்தில் எங்களைப் பார்க்க வந்தவர்களில் பலர் நல்லவர்கள். ஒருவர் மட்டும் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, வீட்டில் ஏதாவது ஜெபக்குறைவு இருக்கிறதா பாருங்கள் என்று தொடங்கி, கடைசியில் இந்த வசனத்தையே சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார். பில்தாத்தின் பேச்சு அதே வரிசையில். அவருக்கே தெரியாமல் அச்சுப் பிசகாமல் செய்தார் என்பதை நினைத்தால் இப்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

இன்னொருவர் வந்து, செய்தித்தாளைப் படித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது துவைக்க வேண்டிய துணிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். யோபுவின் நண்பர்களும் முதலில் இதைத்தான் செய்தார்கள், மறந்துவிடாதீர்கள். 2:13. ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை, அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டதால். அந்த ஒரு வாரத்தோடு எழுந்து போயிருந்தால் உலகத்தின் மிகச் சிறந்த நண்பர்கள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள்.

மார்ச் 10

நேற்றையதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். வந்தவற்றில் ஒன்று பலமானது: "அப்படியானால் யோபுவின் நண்பர்கள் சொன்ன எதையும் வசனமாக எடுக்கக் கூடாதா? பவுல் எடுத்திருக்கிறாரே?"

உண்மைதான். 1 கொரிந்தியர் 3:19-இல் "ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார்" என்று எழுதியிருக்கிறதே என்று பவுல் சொல்வது யோபு 5:13. பேசியவன் எலிப்பாஸ். கர்த்தர் பெயர் சொல்லிக் கோபித்துக்கொண்ட அதே எலிப்பாஸ். அதுமட்டும் இல்லை, பில்தாத் சொன்னதும் ஒரு வகையில் பலித்தது. 42-ஆம் அதிகாரத்தில் யோபுவின் ஆடுகள் ஏழாயிரத்திலிருந்து பதினாலாயிரம், ஒட்டகங்கள் மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம்.

ஆகவே "கெட்டவன் சொன்னது, தூக்கிப் போடு" என்ற சுலபமான விதி செல்லாது. நண்பர்கள் சொன்னதில் பல வாக்கியங்கள் தனியே எடுத்தால் சரிதான். யாரிடம், எப்போது, எதற்காகச் சொன்னார்கள் என்பதில்தான் தவறு. புதுக்கடை வைக்கிறவருக்கு 8:7 சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். மருத்துவமனைக் கட்டிலுக்கு வேண்டாம்.

பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முன்பும் ஏழு மகன் மூன்று மகள், பின்பும் அதே. இதற்குப் பல விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மார்ச் 13

"வேதாகமத்தில் யாக்கோபு பொய் சொல்லித்தான் ஆசீர்வாதம் வாங்கினான், அப்படியானால் தேவ சித்தத்துக்காகக் கொஞ்சம் பொய் பரவாயில்லையா" என்று ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் வகுப்பிலும் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வி கேட்காத பையன் கதையைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

வேதாகமக் கதைசொல்லி பெரும்பாலும் "இது தப்பு" என்று குறுக்கே வந்து சொல்வதில்லை. நடப்பதை நடக்க விடுகிறார். ஆதியாகமம் 27-இல் யாக்கோபு அண்ணனுடைய வஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு, வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டு, கண் தெரியாத அப்பாவை ஏமாற்றுகிறான். 29-இல் இருட்டில் அவனே ஏமாறுகிறான், விடிந்து பார்த்தால் அவன் கேட்ட ராகேல் இல்லை, அவள் அக்கா லேயாள். இளையவளை மூத்தவளுக்கு முன் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை என்று மாமனார் லாபான் சொல்லும்போது, மூத்தவனை முந்திய இளையவன் வாயடைத்து நிற்கிறான். 37-இல் அவன் மகன்களே ஒரு வெள்ளாட்டுக்கடாவை அடித்து, யோசேப்பின் அங்கியை இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். மறுபடி வஸ்திரம், மறுபடி வெள்ளாடு, ஏமாறுகிற அப்பா இப்போது யாக்கோபு. எங்கேயும் தீர்ப்பு வாசிக்கப்படவில்லை. கதையே தீர்ப்பு.

பையனிடம் இதைச் சொன்னபோது அவன், "அப்போ ஒரு அதிகாரத்தோடு நிறுத்தக் கூடாதா சார்?" என்றான். அதேதான்டா.

பனி இதில் மட்டும் பெய்யட்டும் என்று கிதியோன் அடையாளம் கேட்டுப் போட்ட கம்பளி ரோமத்துக்கும் இதே பதில். "தேவனே, நான் எழுதிய தேர்வு முடிவு நாளைக்குள் வந்தால் இதுதான் உம் சித்தம்" என்று அடையாளம் கேட்பவர்கள், நியாயாதிபதிகள் 6-இல் கிதியோன் ரோமம் போடுவதற்கு முன்பே கர்த்தர் தெளிவாகச் சொல்லிவிட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள். பாவம், பயந்தவன், கர்த்தர் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டதை நாம் வழிமுறையாக மாற்றிவிட்டோம்.

மார்ச் 14

ஒரு சின்னச் சிரிப்பு. "நாம் ஒருவரைவிட்டு ஒருவர் மறைந்தபின், கர்த்தர் நடுநின்று கண்காணிக்கக்கடவர்" என்று பிரிவு உபசார அட்டையில் ஒரு நண்பர் எனக்கு எழுதிக் கொடுத்தார். ஆதியாகமம் 31:49. லாபான் யாக்கோபிடம் சொன்னது. நீ என் கண்ணுக்கு மறைந்தபின் என்ன பண்ணுவாயோ, கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற அர்த்தத்தில். அப்புறம் இருவரும் ஒரு கற்குவியலை வைத்து, இதைத் தாண்டி நீயும் வரக் கூடாது நானும் வர மாட்டேன் என்று உடன்படிக்கை போட்டார்கள். நண்பரிடம் நான் சொல்லவில்லை.

மார்ச் 18

எரேமியா 29:11 பற்றிக் கேட்டவருக்கு. ஆம், "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள்" தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்பது எனக்கும் பிடித்த வசனம்தான். வேலை போன சமயத்தில் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் முந்தைய வசனத்தில், எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்பி வருவீர்கள் என்று இருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பி வருவதைப் பார்க்கவே போவதில்லை. இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொண்டிருந்த அனனியா என்ற தீர்க்கதரிசி முந்தைய அதிகாரத்தில் வருகிறான், அவன் பேச்சு பொய் என்று தீர்ந்தது.

எனக்கு அந்தக் காலத்தில் உண்மையில் உதவியது 5 முதல் 7 வரையான வசனங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். எனக்குப் பிடிக்காத, தற்காலிகம் என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்குப் போய்வந்த ஒரு வேலையில், மேசையைத் துடைத்து வைத்து, பக்கத்தில் இருப்பவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அதை வாசித்த பிறகுதான். சுவரில் மாட்ட அழகாக இருக்காது. "தோட்டம் போடுங்கள்" என்று யார் சட்டம் போட்டு மாட்டுவார்கள்?

மார்ச் 19

மார்த்தாள் பற்றி ஒரு சகோதரி கோபமாக எழுதியிருக்கிறார். (தங்கை மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, பணிவிடையில் ஓடியாடிப் புகார் சொன்னவள் மார்த்தாள்.) கூட்டம் நடக்கும் வீட்டில் சமையலறையில் நிற்பவளிடம் "மார்த்தாளாக இருக்காதே" என்று சொல்லிவிட்டு, அவள் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பற்றி. இதற்கு மேல் நான் என்ன சேர்ப்பது?

ஒன்று சேர்க்கலாம். யோவான் 11. லாசரு செத்த பிறகு இயேசு வருகிறார் என்று கேட்டதும் எழுந்து எதிர்கொண்டு போனவள் மார்த்தாள், மரியாள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன் என்று அறிக்கை பண்ணியவளும் மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் இரவு விருந்து. "மார்த்தாள் பணிவிடை செய்தாள்" என்று மறுபடியும் இருக்கிறது, இந்த முறை யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. லூக்கா 10-இல் அவளைத் திருத்தியவர் இயேசு. அந்த உரிமை சோஃபாவில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு எப்படி வந்தது?

மார்ச் 25

"எல்லாவற்றையும் சிக்கலாக்கிவிட்டீர்கள், நேரான பாடம் ஒன்றுகூட இல்லையா" என்று கேட்டவருக்கு: இருக்கிறது. 1 இராஜாக்கள் 19.

கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள்மேல் எலியாவுக்குப் பெரிய வெற்றி. அடுத்து ராணி யேசபேலின் மிரட்டல். அவன் ஓடிப்போய் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, சாகிறேன் என்கிறான். தூங்குகிறான். தேவதூதன் வந்து தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் அடையும் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான். மறுபடி தூதன், மறுபடி சாப்பாடு, நீ போக வேண்டிய தூரம் மிகுதி என்ற ஒரு வார்த்தை. விசுவாசக்குறைவு பற்றி ஒன்றுமில்லை. "நான் ஒருவன் மாத்திரம் மீதி" என்று அவன் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததைக்கூடக் கர்த்தர் உடனே திருத்தவில்லை. பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி 18-ஆம் வசனத்தில்தான் வருகிறது. அதற்குள் அவன் தூங்கி, இரண்டு தரம் சாப்பிட்டு, ஓரேப் மலை வரை நடந்து, மனதில் இருந்ததை இரண்டு தரம் கொட்டித் தீர்த்திருக்கிறான்.

தளர்ந்து போனவரிடம் எந்த வரிசையில் பேசுவது என்பதற்கு இதைவிட நேரான பாடம் எனக்குத் தெரியாது. இங்கே எந்த நாற்காலி என்றால், சில நாள் எலியா, சில நாள் தண்ணீர் கொண்டுவருகிற ஆள். (தளர்ச்சி வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். தூதன் அடையைச் சுட்டுத்தான் கொண்டுவந்தான், பாட்டுப் பாடி அனுப்பவில்லை.)

மார்ச் 26

ஒருவர் என்னைக் கிள்ளியிருக்கிறார்: "மற்றவர்கள் தப்பாக வாசிக்கிறார்கள், நீங்கள் சரியாக வாசிக்கிறீர்கள், அப்படித்தானே? லூக்கா 18-ஐ ஒருதரம் பாருங்கள்."

நல்ல அடி. மற்ற மனிதர்களைப்போல நான் இல்லை என்று தேவனுக்கு நன்றி சொன்ன பரிசேயன் கதையை வாசித்துவிட்டு, நல்லவேளை நான் அந்தப் பரிசேயனைப்போல இல்லை என்று நன்றி சொல்கிற பொறி அதிலேயே இருக்கிறது. தப்பிக்க வழி தெரிந்தால் எழுதுங்கள். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது, தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன கதையைக் கேட்டுக் கொதித்தது ஞாபகம் வருகிறது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கியவன் சாக வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லி முடித்தான். "நீயே அந்த மனுஷன்" அதற்கப்புறம் வந்தது. என் கொதிப்பையெல்லாம் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், அந்தச் சோஃபா மாமா மேல் இருப்பது உட்பட.

ஏப்ரல் 2

கதையிலிருந்து பாடம் எடுப்பதே தவறு என்று இதைத் தொடங்கி வைத்தவர் திரும்பி வந்திருக்கிறார். நல்ல சமாரியன் கதையிலும் (எரிகோ சாலையில் கள்ளர் அடித்துப்போட்டவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிப்போக, அந்நியனான சமாரியன் சத்திரத்தில் சேர்த்துக் காப்பாற்றிய கதை) கிறிஸ்துதான் சமாரியன், அடிபட்டுக் கிடப்பவன் நாம், நாம் உதவ வேண்டும் என்பது பாடமே அல்ல என்கிறார். இது புதிதல்ல. பழங்காலத் திருச்சபைத் தந்தை அகஸ்டின் அப்படித்தான் வாசித்தார்: அடிபட்டவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல். சத்திரக்காரன் பவுல் என்பது எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அடிபட்டவனின் இடத்தில் கிடந்து வாசிப்பது நல்ல வாசிப்பு. நான் இதுவரை சொன்னதும் அந்த மாதிரி இடம் மாறுவதைத்தான். 1968 ஏப்ரல் 3 அன்று, கொல்லப்படுவதற்கு முந்தின இரவு, மார்ட்டின் லூதர் கிங் இதே கதையை எடுத்தார். அவர் அந்த எரிகோ சாலையில் காரில் போனவர். வளைவும் இறக்கமுமான சாலை, கள்ளர் இன்னும் அருகிலேயே இருக்கிறார்களோ என்று ஆசாரியனும் லேவியனும் பயந்திருக்கலாம் என்றார். ஓடிப்போனவனின் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சமாரியனிடம் போனார்.

ஆனால் சகோதரரே, "நாம் உதவ வேண்டும் என்பது பாடமே அல்ல" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. லூக்கா 10:37. "நீயும் போய் அந்தப்படியே செய்." இதைச் சொன்னவர் நானில்லை.

ஏப்ரல் 3

பதின்ம வயது வகுப்புக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டவருக்கு: 1 சாமுவேல் 16, 17 இரண்டையும் சேர்த்து வாசிக்க விடுங்கள். ஆளுக்கொரு சீட்டில் எலியாப், சவுல், ஆடுகளின் காவலாளி, தாவீதின் அப்பா ஈசாய் என்று எழுதிக் கொடுத்து, அவர் பக்கத்திலிருந்து அன்றைய நாளைச் சொல்லச் சொல்லுங்கள். தாவீது சீட்டு எழுத வேண்டாம், அதற்குச் சண்டை வரும். நியாயாதிபதிகள் 11, அப்பாவின் அவசர நேர்த்திக்கடனுக்குப் பலியான யெப்தாவின் மகள், சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம். பெரியவர்கள் வகுப்பில் எடுங்கள், பெரியவர்கள்தான் அவசரத்தில் நேர்ந்துகொள்கிறவர்கள்.